இரண்டாவது பொத்தானுக்குக் கீழே

அத்தானின் முகத்தை நாங்கள் மேலிருந்து கீழாகப் பார்த்தோம். முதலில் வெளிறிய ஆகாயம், பிறகு தலைமயிர், பிறகு நெற்றி. அந்தக் காலத்துக் கணினிக்கு ஒரு படத்தைச் சட்டென்று காட்டத் தெரியாது. வரி வரியாகத்தான் இறக்கும். கனடாவில், மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற்றில், உடுப்புக் காயும் கொடிக்குக் கீழே, அம்மாவும் அக்காவும் நானும் திரைக்கு முன்னால் நெருக்கியடித்து இருந்தோம். அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள். புருவம் வந்ததும் பிடி இறுகியது. கண் வந்ததும் நகம் பதிந்தது.

"அவர்தான்," என்றாள்.

அத்தான் என்று நான் சொல்கிறேனே தவிர, அக்காவுக்கும் அவருக்கும் அப்போது கலியாணம் ஆகியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே இரண்டு வீட்டாரும் பேசி முற்றாக்கிய இடம். மோதிரமும் மாற்றியாயிற்று. நாங்கள் கனடாவுக்குப் புறப்பட்ட நேரம் அவருடைய தகப்பனுக்குக் கடும் சுகமில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினார். 'அடுத்த வருசம் வந்திடுவார்' என்று அக்கா ஒவ்வொரு வருசமும் சொன்னாள். தொண்ணூறுகளின் நடுவில் சண்டை நெருங்கி, ஊரே எழும்பி இடம்பெயர்ந்து வீதியில் நடந்தபோது அவரும் அந்தச் சனத்தோடு நடந்தார் என்று கேள்விப்பட்டோம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

வருசம் ஒன்று தாண்டியதும் அம்மா வேறு இடம் பார்க்கத் தொடங்கினார். அதை நான் இன்றைக்கும் பிழை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவருக்காக ஒரு பெண்பிள்ளை எவ்வளவு காலம் காத்திருப்பாள்? நகரின் மறுகோடியில் இருக்கும் ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், நல்ல வேலை, குறிப்பும் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை முழுப்படம் அனுப்பியிருந்தார்.

எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது தலையும் தோளும் தெரிகிற படத்தை ஏற்க மாட்டார்கள். பாஸ்போட் படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உச்சியிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ரெக்ஸ்டேல்காரர் கோட்டும் சூட்டும் போட்டு ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்றார். காரின் கண்ணாடியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்ததை நான் காட்டியபோது அம்மா என் கையில் ஒன்று போட்டார்.

"காரை விடு. ஆளைப் பார். முழுப்படம் அனுப்பியிருக்கினம். ஒளிக்க ஒண்டுமில்லாத ஆக்கள்தான் முழுப்படம் அனுப்புவினம்."

அக்கா அந்தப் படத்தைக் கையால் தொடவில்லை. ரெக்ஸ்டேல் வீட்டார் பதில் கேட்டுக் கேட்டுப் பார்த்து, இனி நேரில் வந்தே கேட்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அக்காவிடம் தினமும் கேட்பது ஒன்றுதான்: "ஓமோ இல்லையோ, ஒரு சொல்லுச் சொல்லு பிள்ளை."

அந்த நிலைமையில்தான் கொழும்பிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் அத்தானின் நண்பர். இன்ரநெற் வசதி உள்ள ஓர் அலுவலகத்தில் வேலை செய்தார். ஊர்க்காரர் ஒருவர் மூலம் என் முகவரி அவருக்குக் கிடைத்திருந்தது. அப்போது தமிழ் எழுத்துருவில் எழுதி அனுப்பினால் வந்து சேரும்போது எல்லா எழுத்தும் வேறாகியிருக்கும். ஆகவே ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதியிருந்தார். ஆள் இருக்கிறான். கொழும்புக்கு வந்துவிட்டான். அடுத்ததில் படம் வரும். அவ்வளவுதான்.

அக்கா அதை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அடுத்த மின்னஞ்சல் வந்தபோது அதைத் திறந்தவுடன் அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார். படம் இல்லை. திரை முழுவதும் எழுத்துக் குப்பை. அடைப்புக்குறி, சதவீதக் குறி, எண், பெரிய எழுத்து எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரி வரியாக நின்றன. ஒவ்வொரு வரியும் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கியது.

"இதென்ன பிள்ளை? அவனுக்கு என்ன நடந்தது?"

"பயப்பிடாதேங்கோ அம்மா. அத்தான் உதுக்குள்ளதான் இருக்கிறார்."

இந்த விசயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மார்க்கம் நகரத்தில் ஒரு கம்பனியில் அதுதான் என் வேலை. பழைய பெரிய இயந்திரங்களில் இருந்த தரவைக் காந்த நாடாவில் வாங்கி, புதிய இயந்திரங்களுக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுப்பேன். ஒரே எழுத்துக்கு அந்த இயந்திரத்தில் ஓர் எண், இந்த இயந்திரத்தில் வேறோர் எண். மாற்றாமல் திறந்தால் ஆட்களின் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வரும். படத்தின் சங்கதியும் அதுபோலத்தான். மின்னஞ்சல் போகிற பாதை எழுத்துகளுக்காகப் போடப்பட்டது. எழுத்தல்லாத எதையாவது அதில் விட்டால் வழியில் இருக்கிற இயந்திரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு உடைத்துவிடும். எனவே படத்தை எழுத்துகளாக மாற்றி அனுப்ப வேண்டும். அதற்கு யூயூஎன்கோட் என்று ஒரு முறை. படத்தின் மூன்று பைற்றுகளை எடுத்து நான்கு எழுத்துகளாக எழுதும். தொடங்கும் இடத்தில் 'பிகின்' என்றும், முடியும் இடத்தில் 'எண்ட்' என்றும் போடும். வரியின் முதலில் இருக்கும் 'எம்', இது நிறைவான வரி என்பதற்கு அடையாளம். வந்து சேர்ந்ததும் திருப்பி மாற்றினால் எழுத்து மறுபடி படமாகிவிடும்.

இதையெல்லாம் நான் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா திரையிலிருந்த குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில எது முகம்?"

"மேல இருக்கிற வரியள்."

அம்மா திரையின் மேற்பகுதியை முந்தானையால் துடைத்தார்.

மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. படத்தைத் திறந்தேன். ஆகாயம், தலைமயிர், நெற்றி, கண். மூக்கு வந்தது. மீசை கொஞ்சம் மெலிந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்து, தோள், நீலச் சட்டையின் கொலர், முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான். அதற்குக் கீழே நிறங்கள் கலங்கி, துணிக் கிழிசல் போல ஒரு மெல்லிய கீலம். அதற்கும் கீழே சாம்பல் நிறம். வெறும் சாம்பல் நிறம், திரையின் அடி வரைக்கும்.

அம்மா கத்திக் குழறிய குழறலில் மேல்வீட்டுக்காரர் படியிறங்கி ஓடி வந்துவிட்டார். ஒரு மனிதன் நெஞ்சோடு அறுந்து நிற்கிறான். எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கணினியின் கோளாறா நினைவுக்கு வரும்? நானே ஒரு கணம் திரையை விட்டு முகத்தைத் திருப்பினேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, பெரிய நிபுணி மாதிரிச் சொன்னேன்.

"ஐயோ அம்மா, உது வழியில விடுபட்டுப் போச்சு. படத்தின்ர மிச்சம் வந்து சேரேல்லை. கொம்பியூட்டரின்ர பிழை. திரும்ப அனுப்பச் சொல்லுவம்."

அம்மா நம்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முகம் வந்திட்டுதெல்லோ, அது காணும்," என்றார். அக்கா மட்டும் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் தோள் ரெண்டும் உப்பிடித் தூக்கி நிக்குது?" என்றாள்.

"படம் எடுக்கேக்க மூச்சுப் பிடிச்சிருப்பார்," என்று அம்மா சொன்னார். நானும் ஓம் என்றேன்.

நண்பருக்கு எழுதினேன். லைன் சரியில்லை, மறுபடி அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. மறுபடி வந்தது. மறுபடி மூன்று பேரும் கொடிக்குக் கீழே கூடினோம். ஆகாயம், தலைமயிர், கண், முதல் பொத்தான், இரண்டாவது பொத்தான். கலங்கிய கீலம். சாம்பல்.

அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "உன்ர கொம்பியூட்டரை மாத்து," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். நான் திரைக்கு முன்னாலேயே இருந்தேன். பாதை உடைக்கும், தொலைக்கும், எழுத்தை மாற்றும். ஆனால் இரண்டு தரமும் ஒரே பொத்தானில் நிறுத்தாது.

அடுத்த நாள் இரண்டு கோப்புகளையும் பிளொப்பி நெகிழ்தட்டில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். அங்கே இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு நிரல் வைத்திருந்தோம். ஒரு பைற் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். இரண்டையும் கொடுத்தேன். வித்தியாசம் இல்லை என்றது. நம்பாமல் மறுபடி கொடுத்தேன். இல்லை என்றது.

அதன் பிறகுதான் அந்த எழுத்துக் குப்பையை நான் முதன்முதலாக வாசித்தேன். மாற்றுவதற்காகத்தான் அதுவரை திறந்திருந்தேன், வாசித்ததில்லை. கீழே கீழே போனேன். 'எம்' வரிகள் ஒழுங்காக வந்தன. கடைசியில் குறுகிய ஒரு வரி. அதன் பிறகு வெறுமையான வரி. அதன் பிறகு, பிசகில்லாமல், 'எண்ட்'. படக் கோப்பு முடியும்போது அதற்குள்ளே இடப்படும் முடிவு முத்திரையும் அந்தக் குறுகிய வரிக்குள் இருந்தது. வழியில் அறுந்தால் வால் போகும். வால் இல்லை என்று மாற்றும் நிரலும் முறையிட்டிருக்கும். இங்கே தலை இருந்தது. வாலும் இருந்தது. இடையில் இருந்ததைத்தான் காணவில்லை. நிறம் கலங்கிய அந்தக் கீலம் என்ன என்றும் அப்போதுதான் விளங்கியது. படத்தின் அடியில் இருக்க வேண்டிய துண்டு நெஞ்சுக்குக் கீழே வந்து ஒட்டியிருந்தது.

இயந்திரம் இதைச் செய்யாது. யாரோ ஓர் ஆள், அந்த எழுத்துகளைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிகளைத் தெரிவுசெய்து அழித்திருக்கிறான். பிழை காட்டிவிடக் கூடாது என்று கடைசி வரிகளைக் கவனமாக விட்டிருக்கிறான். பல வருசமாகக் கெட்டுப்போன தரவுகளோடு மாரடித்தவள் நான். எல்லாம் அப்பாவித்தனமான பிழைகள். ஈரம் பட்ட நாடா, தவறிய பைற், தூங்கிப்போன ஒப்பரேற்றர். ஒரு மனிதன் வேண்டுமென்றே இன்னொரு மனிதனை எழுத்தில் வைத்து அறுப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கம்பனிச் சாப்பாட்டு அறையில் இருந்த ரெலிபோனில் கோலிங் கார்ட்டின் எண்ணை அடித்துக் கொழும்புக்கு எடுத்தேன். எங்களுக்குக் காலை, அங்கே பொழுதுபடுகிற நேரம். பதில் மின்னஞ்சலில் நண்பர் தந்திருந்த விடுதி எண்ணில் அவரைக் கூப்பிட்டுத் தந்தார்கள்.

"அண்ணை, படத்தை வெட்டினது ஆர்?"

"என்ன தங்கச்சி... லைன் பிழை எண்டு சொன்னனானெல்லே."

"லைன் பிழையெண்டால் ரெண்டு தரமும் ஒரே இடத்தில நிக்காது. எண்ட் இருக்கு. கடைசி வரி இருக்கு. நடுவில இருந்ததைத்தான் காணேல்லை. ஆர் வெட்டினது?"

கொழும்பு வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

"நான்தான்," என்றார். "அவன்தான் வெட்டச் சொன்னவன்."

"ஏன்?"

"ஒரு கால் இல்லை தங்கச்சி. மிதிவெடி. முழங்காலுக்கு மேலயே எடுத்திட்டாங்கள்."

எனக்குப் பக்கத்தில் யாரோ கோப்பி இயந்திரத்தை அழுத்திக்கொண்டு நின்றார்கள். கோப்பை நிரம்பும் வரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

சொல்லத் தொடங்கியதும் அவரால் நிறுத்த முடியவில்லை. ஒரு கடையில் படத்தை ஸ்கான் பண்ணி எடுத்துக்கொண்டு இருவரும் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். அத்தான் அன்றைக்கு நல்ல உற்சாகமாக இருந்தாராம். சட்டைகூடப் புதிது. திரையில் படத்தைத் திறந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"கண்ணாடியில முகம் மட்டும்தான் பாக்கிறவன். கால் போனாப் பிறகு தன்னை முழுசா அண்டைக்குத்தான் பாத்தவன். அனுப்பாதை எண்டான். பிறகு, இருக்கிறன் எண்டு தெரியட்டும், அனுப்பு, ஆனா இதைக் காட்டாதை எண்டான். என்னட்டைப் படம் வெட்டுற புரோகிராம் ஒண்டும் இல்லை. எழுத்தாத்தானே போகுது, கீழ் வரியளை எடுத்தால் கீழ்ப் பக்கம் போகுதோ எண்டு பாத்தன். போச்சுது. முதல்ல காலை மட்டும் எடுத்தனான். கட்டை தெரிஞ்சுது. கமக்கட்டுக்குள்ள வைக்கிற கட்டை. அதுக்காக இன்னும் மேல போனன். அவன் பக்கத்தில நிண்டு, இன்னும், இன்னும் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவன்."

ஊன்றுகோல்களில் தூக்கி நின்ற இரண்டு தோள்களும் என் கண்முன் வந்தன. அக்கா கேட்டாள். மூச்சுப் பிடித்திருக்கிறார் என்று நாங்கள் சொன்னோம்.

பின்னேரம் அக்காவை வேலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். அவள் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் லைனில் நின்றாள். காரில் ஏறினால் பாணும் மாவும் மணக்கும். வீட்டுக்குப் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவுக்குள் திருப்பி, காரை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். பைற்றையும் 'எண்ட்' வரியையும் அவளுக்கு ஏன் சொன்னேன் என்று தெரியாது. கால் என்ற சொல்லுக்கு வருவதைத் தள்ளிப்போடத்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"எந்தக் கால்?"

நான் கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

அழுவாள் என்று கையைப் பிடித்தேன். உதறினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது மிகவும் குறைவு. அன்றைக்குப் பார்த்தேன்.

"அவர் பக்கத்தில நிண்டு வெட்டச் சொன்னவரோ? இன்னும், இன்னும் எண்டோ?"

"ஓம்."

"கால் போனதுக்கு அவர் என்ன செய்வார்? அது அவர் கேட்டு நடந்ததில்லை. இது அவர் செய்தது. என்னை என்னெண்டு நினைச்சிட்டார்? நான் முழுப்படம் கேக்கிற ஆளோ?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அவளே சொன்னாள். அம்மா கதிரையில் இருந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளை எப்படி நடக்கிறானோ, எப்படிப் படியேறுகிறானோ என்று சொல்லிச் சொல்லி அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, "ரெக்ஸ்டேல் ஆக்கள் வாற ஞாயிற்றுக்கிழமை வருகினம். ஓமெண்டு சொல்லட்டோ?" என்று கேட்டார்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"என்னடி கத்துறாய்? நான் கல்நெஞ்சுக்காரியில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் இப்ப அழுதனான். ஆனா என்ர பிள்ளைக்காகவும் நான்தானே அழோணும்? வேற ஆர் அழுவினம்?"

அக்கா எழும்பி வந்து அம்மாவின் காலடியில் இருந்தாள்.

"ஞாயிறு வரைக்கும் பொறுங்கோ அம்மா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ர படம் ஒண்டு அனுப்போணும். முழுப்படம். ஆனா நெஞ்சுக்கு மேல இருக்கிறதை வெட்டிப்போட்டு அனுப்பு."

"மேல வெட்ட ஏலாது அக்கா."

"ஏன்? அவை வெட்டினவைதானே?"

"அவை வெட்டினது கீழ. படத்தை எப்பிடி வாசிக்கிறது எண்டுறது எல்லாம் தலைப்பக்கத்தில இருக்கு. அதை எடுத்தால் படம் திறக்கவே திறக்காது."

"அப்ப என்ர காலை மட்டும் படம் எடு," என்றாள்.

என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. இந்த அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். அடுத்த நாள் காலை, வேலைக்குப் போகிற அதே ஜீன்ஸோடும் பனிக்காலப் பூட்ஸோடும் வாசலில், பாதி உருகிய சினோப் பனிக்கு நடுவே நின்றாள். பூட்ஸைச் சுற்றி, பனி உருகக் கொட்டுகிற வீதி உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. துடைத்துவிட்டு நில் என்றேன். வேண்டாம் என்றாள். கமராவுக்குள் கிடந்த பிலிம் முழுவதையும் அவள் கால்களுக்கே செலவழித்தேன். பிளாசாவில் கழுவிக் கொடுத்த பெண், உறையைத் தரும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அம்மா அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "ரெண்டு பேருக்கும் விசர்," என்றார்.

அலுவலகத்தில் ஸ்கான் பண்ணி, எழுத்தாக மாற்றி, வீட்டில் வைத்து அனுப்பினேன். படத்துக்கு மேலே எழுத வேண்டியதை அக்கா சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்துகளில் தட்டினேன்.

"நீங்கள் நெஞ்சு வரைக்கும் அனுப்பினீங்கள். மிச்சத்தை நான் அனுப்பிறன். ரெண்டையும் ஒட்டிப் பாருங்கோ. சரியா வந்தால் எனக்கு முழுப்படம் அனுப்புங்கோ."

தட்டி முடித்தபோது எழுத்துகள் எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு அனுப்பும் விசையை அழுத்தினேன்.

பதில் இல்லை. வியாழன் இல்லை, வெள்ளி இல்லை. வேலையால் வந்ததும் வராததுமாக அக்கா ஜக்கற்றைக்கூடக் கழற்றாமல், "வந்ததோ?" என்பாள். நான் மோடத்தைப் போடுவேன். அது கீச்சிட்டு இரைந்து இணையும். ஒன்றும் இருக்காது. சனிக்கிழமை அம்மா ஞாயிறுக்கென்று பலகாரத்துக்கு உளுந்து ஊறப்போட்டார். அக்கா அதைப் பார்த்தாள். எனக்கு அத்தான் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு சொல்லாவது எழுத வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வடைக்கு மாவைத் தட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. ஒரு சொல்லும் எழுதவில்லை. 'பிகின்' என்று தொடங்கி எழுத்துக் குப்பை மட்டும். நான் அடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். முன்னையதைப் போல இரண்டு மடங்கு நீளம். 'எண்ட்' இருந்தது. ஆனால் இந்த முறை அந்தச் சொல்லைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

"அம்மா, வாங்கோ," என்றாள் அக்கா. அம்மா மாவுக் கையோடு வந்து நின்றார்.

ஆகாயம். தலைமயிர். நெற்றி. வேறு சட்டை, வெள்ளை. முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் மூச்சுப் பிடித்த முகமில்லை. முதல் பொத்தான். இரண்டாவது பொத்தான். மூன்று பேரும் அசையவில்லை. படம் நிற்கவில்லை. மூன்றாவது பொத்தான். கமக்கட்டுகளுக்குள்ளிருந்து இரண்டு ஊன்றுகோல்கள் இறங்கின. இடுப்புப் பட்டி வந்தது. ஒரு பக்கம் காற்சட்டை நீளமாக இறங்கியது. மற்றப் பக்கம் மடித்து ஊசி குத்தியிருந்தது. அதற்குக் கீழே சுவர்தான் தெரிந்தது. அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆனால் கத்தவில்லை.

"இடது," என்றாள் அக்கா, மெல்ல.

வலது பாதம் செருப்போடு வந்து நிலத்தில் ஊன்றியது. இடது பக்கத்தில், பாதம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைக் கடதாசி சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அலுவலகப் பிரின்ரரில் அடித்த கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு பூட்ஸ். ஓரத்தில் உப்புக் கோடு.

அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உது உன்ர பூட்ஸ் எல்லோ?" என்றார்.

"ஓம் அம்மா," என்றாள் அக்கா. அப்போதுதான் அவள் அழுதாள்.

அம்மா நிமிர்ந்தார். மாவுக் கையைச் சேலையில் துடைத்தார். சுவரில் தொங்கிய ரெலிபோனை எடுத்துப் பார்த்துவிட்டு, "உந்த மோடத்தை நிப்பாட்டு, லைன் வேணும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நிறுத்தினேன். ரெக்ஸ்டேலுக்கு எடுத்தார்.

"குறை நினைக்காதேங்கோ," என்றார். "இண்டைக்கு வர வேண்டாம். பிள்ளைக்கு முதலே முற்றாக்கின இடம் ஒண்டு இருக்கு. முழுப்படமும் வந்திட்டுது."